அறுபத்தொன்றாவது பல்

இரங்கூனில் ஆறு பின்னோக்கியும் ஓடும். காலையில் கடலைப் பார்த்துப் போன தண்ணீர் மத்தியானம் மனசு மாறி ஊரைப் பார்த்துத் திரும்பும். நெல் படகுகளெல்லாம் அதற்காகக் காத்துக் கிடக்கும். பாபநாசத்து மலையிலிருந்து ஒரே ஓட்டமாய் இறங்குகிற தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அரிசி ஆலையொன்றில் பல்சக்கரங்களுக்குப் பொறுப்பாளனாகி நாலு வருஷமாகியும் இந்த ஆறு எனக்குப் பழகவில்லை.

போன மழைக்காலத்தில் ஆலைக்குப் புதுச் சக்கரம் ஒன்று சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. இரும்பு வளையம், அதில் வரிசையாக மரப்பற்கள். இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் இல்லாமல் ஓடும். பெட்டியின் மேல் ‘ஞானமுத்து சக்கரம்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட வேலை செய்யும் பர்மாக்காரர் கோ மௌங், ஊரில் யாரோ செத்துப்போன சேதி வந்துவிட்டதென்று நினைத்து, சாயங்காலம் இலையில் கட்டிய இனிப்புச் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு எதை, எப்படி விளக்க? வாங்கித் தின்றேன்.

அந்தச் சக்கரம் என்னுடையது. ஞானமுத்துவும் நானும் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீரால் ஓடும் பஞ்சாலையில் இருவருக்கும் வேலை. அவன் ஆபீஸில் படம் வரைவான். நான் பட்டறையில் மரமாதிரி செய்வேன். அதை வைத்து இரும்பு வார்ப்பார்கள். எங்கள் பட்டறையில் தாளில் வரைகிற வழக்கமில்லை. வெள்ளையடித்த பலகையில் முழு அளவுக்குக் கோடு போடுவோம். வேலை முடிந்ததும் அடுத்த வேலைக்காக இழைப்புளியால் சீவிவிடுவோம். வேலமரப் பற்களை இலுப்பெண்ணெயில் ஊறவைத்து இரும்பு வளையத்தில் இறக்குகிற யோசனையை நான் அப்படித்தான் பலகையில் போட்டேன். ஞானமுத்து வந்து பார்த்துத் தாளில் எழுதிக்கொண்டான்.

“பலகையச் சீவிப் போட்ரு லே. படம் எங்கிட்ட பத்திரமா இருக்கு” என்றான்.

சீவினேன். என் கையாலேயே சீவினேன், முட்டாள். சக்கரம் ஓடிய மறுவாரம் ஆலைத் துரை ஞானமுத்துவைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். நான் போய் முறையிட்டேன். உன் படம் எங்கே என்று கேட்டார். என் படம் அதற்குள் மரச்சீவலாய் அடுப்புக்குப் போயிருந்தது. ஞானமுத்து பக்கத்தில்தான் நின்றான், தன் தாளைச் சுருட்டிக்கொண்டு. பட்டறையில் எல்லாரும் எனக்குப் பொறாமை என்று பேசிக்கொண்டார்கள். அந்த மாதமே கப்பலேறினேன்.

இப்போது வந்த சக்கரத்தைப் பூட்டுமுன் பற்களை எண்ணினேன். அறுபது. எதிர்ச்சக்கரத்துக்கு இருபது. இப்படி இருந்தால் அதே பல் அதே பல்லைத்தான் சுற்றுக்குச் சுற்று இடிக்கும், சீக்கிரம் தேயும். பலகையில் நானும் முதலில் அறுபதுதான் போட்டேன். மாதிரி அறுக்கும்போது, பற்கள் மாறி மாறிச் சேரட்டுமென்று ஒன்று கூட்டி அறுபத்தொன்றாக்கினேன். ஓடிய சக்கரத்தில் இருந்த அந்த ஒரு பல் அவன் தாளில் ஏறவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் துரையின் முன்னால் அதுவே எனக்குச் சாட்சியாக இருந்திருக்கும்.

இங்கத்து ஸ்காட்லாந்து இஞ்சினீயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இந்த ஊர்க் காட்டில் விளையும் படாக் மரத்தில் அறுபத்தொரு பல்லோடு புதுச் சக்கரம் செய்ய விட்டார். நன்றாக ஓடியது. என் தோளில் தட்டி, அருமையான திருத்தம், ஞானமுத்துவுக்கு எழுதிவிட்டேன், அவர் சந்தோஷப்படுவார் என்றார். சந்தோஷப்பட்டான் போலிருக்கிறது. பதில் வந்தது, இனி வார்ப்பதெல்லாம் அறுபத்தொன்றுதானாம்; பெட்டியில் பெயர் மட்டும் மாறாது. ஒரே சக்கரத்தை அவனுக்கு நான் இரண்டு தரம் கொடுத்திருக்கிறேன்.

நேற்று சக்கரத்துக்கு எண்ணெய் விடும்போது கோ மௌங் கேட்டார்: இந்த ஞானமுத்து உங்கள் பக்கத்து ஆளாமே, பெரிய கெட்டிக்காரரோ? திருநெல்வேலிச் சீமையின் அத்தனை வசவும் என் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது, “ஆமா, எங்க ஊர்க்காரன்” என்றுதான் சொன்னேன். சொன்ன குரலில் பெருமை இருந்தது.