மூன்றும் இரண்டும்

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கன்னியர் மடம். வாசல் திறக்கவும் மணி அடிக்கவும் ஆள் வேண்டுமென்றார்கள். நான் கத்தோலிக்கச்சி இல்லை, வேறு சபைக்காரி. ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் போனேன். முப்பது வருடம் ஓடிவிட்டது.

மடத்துக்குள் யாரையும் கூவி அழைக்கக் கூடாது. ஒவ்வொரு சிஸ்டருக்கும் ஒரு மணிக்கணக்கு. மடத்துத் தலைவியான மதருக்கு ஒன்றும் ஒன்றும்; ஓர் அடி, நிறுத்தி இன்னோர் அடி. சமையல் சிஸ்டருக்கு இரண்டும் ஒன்றும். தேடி ஆள் வந்தால் நான் அந்தக் கணக்கில் அடிப்பேன், உரியவர் படியிறங்கி வருவார். கப்பலில் வந்த வெள்ளைக்கார சிஸ்டர்கள் காலத்து வழக்கமாம். ஒருவர் இறந்தால் அவர் கணக்கு புதிதாக வருபவருக்குப் போகும். ஒரே கணக்குக்கு எத்தனை பேர் இறங்கி வந்தார்களோ, பின்பக்கத்துக் கல்லறைகளைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு புதிதாக யாரும் வரவில்லை. பிள்ளைகள் தங்கிப் படித்த போர்டிங்கை மூடினார்கள். கடைசியில் மூன்றும் இரண்டும் மட்டும் மிஞ்சியது. அவர் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்.

எனக்குக் கணக்கு கிடையாது. என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அந்தக் குறை மனதில் இருந்தது, ஒருநாள் அவரிடம் சொல்லியும் விட்டேன்.

"ஒன்னைக் கூப்பிட மணி எதுக்குட்டி? நான் இருக்கேம்லா" என்றார்.

போன வருடம் அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. நாகர்கோவிலில் வயதான சிஸ்டர்கள் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பூட்டிய அறைகளும் சாவிக்கொத்தும் நானும் மிச்சம். தனியாக இருக்கிறாயே, பேய் வராதா என்று ஊரில் கேட்கிறார்கள். வந்தால் பேச்சுத்துணைக்கு ஆகும்.

போன மாதம் மடத்துப் பலாவில் பழுத்த சுளைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிஸ்டர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"நீ யாரு?" என்றார்.

சொன்னேன். திரும்பவும் கேட்டார். மூன்றாம் தடவை சொல்லும்போது எனக்குக் கோபமே வந்துவிட்டது. கோபமென்ன, பயம்தான். இவருக்கும் என்னைத் தெரியாவிட்டால், நான் அங்கே இருந்ததற்கு வேறு யார் சாட்சி?

மேசையில் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கிடந்தன. எடுத்துத் தட்டினேன். மூன்று. நிறுத்தி, இரண்டு.

சிஸ்டரின் முதுகு நிமிர்ந்தது. தலைமுக்காட்டைச் சரிசெய்தார்.

"எனக்கு யாருட்டி வந்திருக்காவ?"

என்னைத்தான் கேட்டார். முப்பது வருடமாக வாசல்காரியிடம் கேட்ட அதே குரல். ஆனால் கண் என்னைத் தாண்டி வாசலைத் தேடியது.

"ஒங்களைப் பாக்க ஒரு ஆளு சிஸ்டர்."

"இருக்கச் சொல்லு. இப்பம் வாறேன்."

"சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, வந்த ஆளாக நானே உட்கார்ந்தேன்.