உரிம இலக்கத்துக்கு விட்ட இடம்

1994 சித்திரையில், ரொறொன்ரோவில் இருந்த பேர்ணடெற்றுக்கு அந்தக் கடிதம் வந்தது. பேராதனையில் வாங்கிய பொறியியல் பட்டத்தைக் காட்டி, கேட்ட பரீட்சைகளையெல்லாம் எழுதிச் சித்தியடைந்த பிறகு, பொறியியலாளர் சங்கம் அவளைப் 'பயிற்சிப் பொறியியலாளர்' என்று பதிந்திருந்தது. முழு உரிமத்துக்கு இது முதற்படி மட்டுந்தான்.

அது அவளுக்குத் தெரியும். கணவன் அகஸ்ரினின் அக்காவுக்குத் தெரியவேண்டுமே. அடுத்த கிழமையே தமிழ்ப் பத்திரிகையில் கால்பக்க வாழ்த்து விளம்பரம் வந்துவிட்டது. கலியாணச் சேலையோடு படம், கீழே 'எஞ்சினியர் பேர்ணடெற்'. பேர்ணடெற் தலையில் கை வைத்தாள். உரிமம் கிடைக்காமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். எங்கள் சனத்துக்கு இதையெல்லாம் யார் விளங்கப்படுத்துவது? கம்பஸில் எஞ்சினியரிங் படித்தால் எஞ்சினியர், அவ்வளவுதான். வாழ்த்துச் சொல்லி வந்த தொலைபேசிகளுக்கு நன்றி சொல்லியே அவள் களைத்துப் போனாள்.

அவள் ஏங்கியது பட்டத்துக்கு அல்ல. கொழும்பில் மூன்று வருடம் வேலை செய்த காலத்தில், கம்பி கட்டியதை அவள் பார்த்துச் சரி சொல்லும்வரை கொங்கிறீற் ஊற்றமாட்டார்கள். பத்து மேசன்மார் நிழலில் குந்தியிருந்து அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரொறொன்ரோவில் அவளுடைய சொல்லுக்காக ஒரு ஈ, காக்கைகூடக் காத்திருக்கவில்லை. யாராவது ஒருவர் காத்திருக்கவேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

கொழும்பு வருடங்களைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. மிச்சம் ஒரு வருடம். அதைக் கனடாவில், உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் செய்யவேண்டும். முடிவில் அவர் படிவத்தில் கையொப்பமிட்டு, தன்னுடைய உரிம இலக்கத்தையும் எழுதித் தரவேண்டும்.

ஆளுக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்தாள். வெக்ஸ்போர்ட்டில், கட்டடங்களின் இரும்புச் சட்டகங்களுக்கு வரைபடம் போடும் சின்னக் கந்தோர் ஒன்றில் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் ஜெயரட்ணம். ஊரில் பாலங்கள் கட்டியவர். எண்பத்துநாலில் வந்தவர். கந்தோரில் யாருக்குக் கணக்குப் பிழைத்தாலும் அவருடைய மேசைக்குத்தான் போவார்கள். வீட்டிலே மனைவி பேபி அவரைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. எஞ்சினியர் சாப்பிடுறார், எஞ்சினியர் குளிக்கிறார், எல்லாம் எஞ்சினியர்தான்.

பதினாலு மாதம் அவருக்குக் கீழே வேலை செய்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் பேர்ணடெற் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். ஜெயரட்ணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். அழகான கையெழுத்தில் பெயரை எழுதினார். பதவியை எழுதினார். பிறகு பேனை நின்றுவிட்டது.

"பிள்ளை, இதிலை போட என்னட்டை நம்பர் இல்லை."

"வீட்டிலையோ அண்ணை கிடக்குது? நாளைக்குப் போடலாம்."

"வீட்டிலையும் இல்லை. நான் லைசென்ஸ் எடுக்கேல்லை." அவர் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பரீட்சையளை எழுதச் சொல்லி எனக்கும் கடிதம் வந்தது. மூண்டு பிள்ளையள், ரெண்டு வேலை. பிறகு பாப்பம் எண்டு விட்டன். பிறகு வெக்கமாப் போச்சு."

அவள் ஏன் முதலே கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தகப்பன் வயதில் ஒரு மனிதர், வேலை எடுத்துத் தந்தவர். அவருடைய முகத்தைப் பார்த்து, உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அவரும் யாரும் கேட்காததால் சொல்லவில்லை. மரியாதை இரண்டு பக்கமும் குறைவில்லாமல் இருந்தது. வருடந்தான் போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போன லோறன்ஸ் பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருந்து பேர்ணடெற் அழுதாள். அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிடத் தன்மேல் கூடுதலாக வந்தது.

அந்தக் கந்தோரின் வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற, உரிமம் உள்ள பொறியியலாளர் அலெக்ஸாண்டர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒஷாவாவிலிருந்து வருவார். அந்த வெள்ளி ஜெயரட்ணமே அவளை அவரிடம் கூட்டிக்கொண்டு போய், இனி இவளுடைய வேலையை நீங்கள் பார்க்கவேண்டும் என்று கேட்டார். நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லும்போது அவருடைய காது சிவந்திருந்தது. தன் கண்ணால் பார்க்கும் வேலைக்குத்தான் கையொப்பம் வைப்பேன் என்றார் அலெக்ஸாண்டர். பதினாலு மாதமும் தண்ணீரில் போனது. அன்றிலிருந்து புதுக் கணக்கு.

அடுத்த வருடம் முழுக்க வெள்ளிக்கிழமைகளாகவே கழிந்தது. அலெக்ஸாண்டர் சிவப்புப் பேனையால் கிறுக்குவார், அவள் திங்கட்கிழமை திருத்துவாள். ஒவ்வொரு வெள்ளியும் அலெக்ஸாண்டரின் மேசையில் அவளுடைய வரைபடங்கள் கட்டின் மேலேயே இருந்தன. யார் எடுத்து மேலே வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஜெயரட்ணத்தோடு முன்போல முகம் பார்த்துக் கதைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

1996 ஐப்பசியில், விடுமுறை எடுத்து வீட்டில் நின்ற ஒருநாள் உரிமம் வந்தது. கடித உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அகஸ்ரினுக்குக்கூடச் சொல்லாமல் பின்னேரம் கந்தோர் விட்ட பிறகு அவள் ஜெயரட்ணம் வீட்டுக்குத்தான் தொலைபேசி எடுத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பேபி எடுத்தார். "பொறும் பிள்ளை," என்றவர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டது கேட்டது. "எஞ்சினியர், உங்களுக்குத்தான் போன்."

பேர்ணடெற் சொல்ல நினைத்து வைத்திருந்த எல்லாம் மறந்து போயிற்று.

"வந்திட்டுதோ?" என்றார் ஜெயரட்ணம்.

"ஓம் அண்ணை."

மறுமுனையில் மேசை லாச்சி திறக்கும் ஓசை கேட்டது, பிறகு தாள் சரசரக்கும் ஓசை.

"பிள்ளை, ஒண்டு கேப்பன், ஏலாதெண்டால் ஏலாது எண்டு சொல்லும். அந்தப் பரீட்சையளை நானும் எழுதி முடிச்சிட்டன். பேபிக்கும் தெரியாது. என்ரை வேலையை அறிஞ்ச, லைசென்ஸ் உள்ள ஆக்கள் கையெழுத்து வைக்கவேணுமாம். அலெக்ஸாண்டர் வைச்சிட்டார். இன்னுமொராள் வேணும்."

மறுமுனையில் அவர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தொன்பது வயதில், அவளுடைய சொல்லுக்காகக் காத்திருந்தார்.

"எழுதுங்கோ அண்ணை," என்று இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள் பேர்ணடெற்.