திருச்சிக் கணக்கும் நியூயார்க் பயணமும்

பிள்ளைகளே, உங்கள் அத்தை நியூயார்க் போன அன்று நான் போட்ட கணக்கைச் சொல்லி நீங்கள் இன்னும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்று காலை நான் பட்ட பாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அத்தை அப்போது இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆறாத புண்ணுக்குக் கட்டுப்போடுவதில் அவள் கைக்குத் தனிப்பெயர். அதைப் பற்றி நியூயார்க்கில் ஒரு மாநாட்டில் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் எட்டாவது தாண்டாதவன். தோ பாயோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். இரவு பன்னிரண்டுக்குப் புறப்பட்டு, காலை ஆறுக்குப் போய்ச் சேரும் என்றிருந்தது. நம் ஆட்களுக்கெல்லாம் ஒரு கணக்கு மனப்பாடம். ஊர் நேரம் இரண்டரை மணி பின்னால் என்பதால், திருச்சி டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் போலத் தெரியும். அதோடு இரண்டரையைக் கூட்டினால் நாலு, அதுதான் உண்மையான பயணம். நானும் ஆறோடு இரண்டரையைக் கூட்டினேன். "எட்டரைக்கு இறங்கினதும் மெசேஜ் போடு" என்றேன். பேசவேண்டியதை முணுமுணுத்தபடி நின்ற அவள், காதில் வாங்காமலே தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எட்டரை ஆயிற்று. ஒன்பதரையும் ஆயிற்று. நான் அனுப்பியதற்கு ஒரே டிக். பத்து மணிக்குச் சாரத்தின் மேலிருந்து பார்த்தபோது கீழே எல்லாம் கடலாகத் தெரிந்தது. ஸ்பேனரை வைத்துவிட்டு மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தேன்.

"அண்ணே, கீழ இறங்குங்க. விழுந்துடப் போறீங்க" என்று சூப்பர்வைசர் கத்தினார். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். இறங்கி வந்து சொன்னேன்: "தங்கச்சி போன பிளேன் விழுந்திருச்சு சார்."

விவரம் கேட்டுப் போனைத் தட்டிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரெண்டரை திருச்சிக்கு லா! நியூயார்க் நமக்குப் பன்னெண்டு மணி நேரம் பின்னால. மொத்தம் பதினெட்டு மணி நேரம். பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல. உங்க திருச்சி மாதிரி அஞ்சு திருச்சி! அவங்க மேல நல்லாத் தூங்கிட்டு இருப்பாங்க, நீங்க இங்க அழுவுறீங்க."

பயம் இருந்த இடத்தில் அப்போது வந்து நிறைந்ததைப் பெருமை என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஐந்து திருச்சி தூரம்! சாப்பாட்டு நேரத்துக்குள் சைட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், கேட்காதவர்களிடமும். நர்ஸ்களுக்குப் பேசப்போகிறாள் என்பதை டாக்டர்களுக்கு என்று மாற்றியது நான்தான். இத்தனை நாள் அதை அவளிடம் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்குத் தேக்காவில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது.

"அண்ணே, இறங்கிட்டேன். இங்க இப்பத்தான் விடியுது. நீ சாப்பிட்டியா?"

"பதினெட்டு மணி நேரம் உக்காந்தே போனியே, கால் வீங்கலையா?" என்றேன், முன்பே எல்லாம் தெரிந்தவன்போல.

அவள் போனை வைத்ததும், இனி அவள் நேரத்தையே பார்த்துக்கொள்ளலாம் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். முள்ளை எங்கே திருப்புவது? அங்கேயும் ஆறரை, இங்கேயும் ஆறரை. சிமெண்டுத் தூசி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் கட்டிக்கொண்டேன்.