கூப்பிட்டதும் வந்த நாய்

பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டு ஒரு நாயைச் சாவுக்குக் கொடுத்தேன். அதைப் பற்றிக் கேட்டவரிடம் பொய் சொன்னேன். இரண்டில் எது பெரிய தவறு என்று இந்த வயதிலும் எனக்குத் தெளிவாகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சூலூருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தேன். குடியிருப்பில் ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டது. எல்லா நாய்களையும் பிடித்துப்போக ஆள் வரவழைக்கச் சொன்னார் மேலாளர். ஊராட்சிக்குக் கடிதம் எழுதியது நான்தான். பிடித்துப்போனால் கொன்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆலை வாசலில் காவல்காரர் வளர்த்த செவலை நாய் ஒன்று இருந்தது. அது யாரையும் கடித்ததில்லை. கம்பிச் சுருக்கோடு ஆட்கள் இறங்கியதும் நூல் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. காவல்காரர் அப்போது ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பிடிக்க வந்தவர் என்னிடம், "நீங்க கூப்பிட்டுப் பாருங்க சார், உங்களைக் கண்டா வாலாட்டுதுங்களே" என்றார். தினமும் பிஸ்கட் போடுகிறவன் நான். அதை விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலாளரும் அலுவலகத்தாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கூப்பிட்டால் வரும் என்று அவர்களுக்குக் காட்டும் ஆசை வந்துவிட்டது. பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிட்டேன். வந்தது. கழுத்தில் சுருக்கு விழுந்த பிறகும் பிடித்தவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தது.

மாலையில் காவல்காரர் வந்தார். "ஏனுங்க சார், எப்படீங்க மாட்டுச்சு? அது ஆருகிட்டயும் போவாதுங்களே."

"அதுவாகத்தான் ஓடிப்போய் மாட்டிக்கொண்டது" என்றேன்.

அதன்பின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவர் வழக்கம்போல் சலாம் வைத்தார். நான் முகம் கொடுக்காமல் வேகமாக நடந்தேன். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான்.

ஓய்வுக்குப் பின் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும். எங்காவது போகலாமென்று பஸ் ஏறினால் பாதி வழியில் இறங்கிவிடுவேன். கடைசியில் மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த பிராணிகள் காப்பகம் ஒன்றுக்குப் போய், கடிதம் எழுதுகிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா, எழுத ஆள் இருக்கிறது, கருத்தடைக்கு நாய் பிடிக்கத்தான் ஆளில்லை என்றார். திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் தெருவில் எந்த நாயைக் கண்டாலும் பாதை மாறி நடந்தேன்.

மறுபடி போய், நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல், "அப்ப உங்களுக்குப் பழக்கந்தானுங்களே" என்றார். பிறகு, "பிடிச்ச எடத்துலயே நாலாம் நாள் நீங்களே கொண்டுபோய் உடணும். முடியுமுங்களா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

முதலில் எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. காப்பக வண்டியில் போனபோது ஆலை வாசலில் அதே காவல்காரர். காலடியில் ஒரு கறுப்பு நாய். நாயைத் தொடுவதற்கு முன் அவரிடம் சொன்னேன்: "அன்றைக்கு அது தானாக மாட்டவில்லை. நான்தான் கூப்பிட்டேன்."

"தெரியுமுங்க சார். அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க."

அத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் சலாம் வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. வண்டியில் இருந்த கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது திரும்பி வருமுங்களா?"

"வரும். கருத்தடை செய்து, நாலாம் நாள் நானே கொண்டுவருகிறேன்."

பிறகு அவரே நாயைத் தூக்கிக் கூண்டில் விட்டார். என்னைக் கூப்பிட விடவில்லை.

அந்த மூன்று நாளும் தினம் இரண்டு முறை காப்பகத்துக்குப் போய் அது மூச்சுவிடுகிறதா என்று பார்த்தேன். நாலாம் நாள் வாசலில் கூண்டைத் திறந்ததும் அவரிடம் ஓடியது. அவர் குனிந்து தையலைப் பார்த்தார், காதைத் தடவினார். எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அதன்பின் நிறைய நாய்களைப் பிடித்தேன், எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அந்தக் கறுப்பு நாய் மட்டும் ஆலை வாசலில் என் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பையில் பிஸ்கட் இருக்கும். நான் கூப்பிடுவதில்லை.