வெயிலில் சோதித்த ஹீட்டர்

ராஜபாளையத்தில் ஹீட்டர் கேட்டு அலைந்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். கடைக்காரர்கள் முதலில் குளியலறைக்கா என்று கேட்டார்கள். வேனுக்கு என்றதும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார்கள். வெளியே பங்குனி வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது.

வேன் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளே படுக்கையும் சின்ன அடுப்பும் வைத்த பழைய வண்டி. வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர் அவர். இந்தப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியை டெல்லிக்கும் அதற்கு அப்பாலும் ஏற்றிப் போவார். லோடு இறக்கும் ஊர்களில் ஒன்றிலிருந்து பனிமலை தெரியுமாம். மேலே ஏறிப் பார்க்க ஒருநாளும் நேரம் இருந்ததில்லையாம். போன வருஷம் நெஞ்சுவலி வந்து, மதுரையில் அடைப்பு எடுத்து, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்த மலை அவர் தலையில் ஏறிக்கொண்டது. வேனிலேயே பத்ரிநாத் போவோம், நீயும் வா என்றார்.

குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் என் காதுபடச் சொல்லியிருந்தார். ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால், மனுஷன் கோபத்தைச் சோற்றில் காட்டுவார். அதனால் வேறு வழியில் மடக்கப் பார்த்தேன். வண்டியில் ஹீட்டர் ஓடினால் வருகிறேன், இல்லாவிட்டால் நானும் வரமாட்டேன், உங்களையும் விடமாட்டேன் என்றேன். ஸ்விட்சைப் போட்டாலும் வண்டியோடு வந்த ஹீட்டர் முனகக்கூட இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். இந்த வெக்கை பூமியில் அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்பது என் கணக்கு.

ஆள் கிடைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற மெக்கானிக் ஒருவர், இதே வகை மோட்டார் தன்னிடம் கிடக்கிறது என்றார். வேனைக் கொண்டு போனோம். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஹீட்டர் மோட்டாரைக் கழற்றி வெளியே எடுத்தார். கூடவே காய்ந்த வேப்பிலையும் எலி கடித்த பஞ்சும் கொட்டின. கையால் திருகினால்கூட அது சுற்றவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் மாற்று மோட்டாரின் வயரைப் பேட்டரியில் தொட்டதும் அது விர்ரென்று சுற்றியது.

"மாட்டிப் பாக்கச் செத்த நேரமாகும். நீ போயி பால்கோவா வாங்கிட்டு வா," என்றார் என் வீட்டுக்காரர். நெஞ்சுவலிக்குப் பிறகு இனிப்பின் பேச்சையே எடுக்காதவர் கேட்கிறாரே என்று, ஒரு வாய்தானே என்று போனேன்.

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. உச்சி வெயில். வீட்டுக்காரர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். முகத்தில் அனல் அடித்தது. "போதுமா?" என்றார். அணைத்துத் தொலையுங்கள் என்றேன். அந்த நேரத்தில் அந்த வண்டியின் எந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தாலும் அனலாகத்தான் வரும் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. மெக்கானிக் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கம்பளிகளை மடித்தேன், மாத்திரைகளைப் பிரித்துக் கட்டினேன். சித்திரையில் கிளம்புவதற்கு முந்தின நாள், விடிகிற நேரத்தில் ஆண்டாள் கோயில் வாசலுக்கு வண்டிப் பூஜைக்குப் புறப்பட்டோம். இரவு மழை பெய்திருந்தது. மலைப் பக்கமிருந்து காற்று ஜில்லென்று வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். வந்தது வெறும் ஃபேன் காற்று.

"என்னங்க, சூடே வரலையே?"

"எஞ்சின் சூடாகணும்ல."

பாதி வழி தாண்டியும் அப்படியே வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எப்போதோ நடுவுக்கு ஏறி, எஞ்சின் சூடாகிவிட்டதைக் காட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் பெண்டாட்டிக்கு அந்த முள் தெரியாதா? கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வண்டி நல்லபடியாக ஓட வேண்டும் என்று கேட்பதா, ஓடவே கூடாது என்று கேட்பதா என்று தெரியாமல் கும்பிட்டு நின்றேன்.

அங்கிருந்து நேரே மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். வண்டியைத் திருப்பினார்.

"தம்பி, காத்து வருது, சூடு வரலையே," என்றேன்.

மெக்கானிக் இவரைப் பார்த்தார். "அன்னைக்கே அண்ணாச்சிட்ட சொல்லிட்டேனேக்கா," என்று முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். மோட்டார் காற்றைத் தள்ள மட்டும்தான். சூட்டைக் கொடுப்பது எஞ்சினிலிருந்து ரப்பர் குழாயில் வருகிற வெந்நீர். அந்தக் குழாயை யாரோ எப்போதோ எஞ்சினுக்கே திருப்பி மாட்டியிருந்தார்கள். ஹீட்டருக்குள் வெந்நீர் போக வழியே இல்லை.

"நம்ம பக்கம் முக்காவாசி வண்டில இப்படித்தான் அடைச்சு விடுவோம்க்கா. இந்த வேக்காட்டுல எவனுக்கு ஹீட்டரு வேணும்? குழாயை மாத்தணும், உள்ள ஒழுகுதான்னு பாக்கணும், வண்டிய விட்டுட்டுப் போங்கன்னேன். அண்ணாச்சி வேண்டாம்னுட்டாக."

இதெல்லாம் நான் பால்கோவா வாங்கப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. வேனில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவரும் வந்து தன் சீட்டில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேதான் என்னைய ஏமாத்துனீகளா?"

அவர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூஜைக் குங்குமத்தை விரலால் சுரண்டினார்.

"குளிருல உங்களுக்கு என்னமும் ஆச்சுன்னா அந்த மலையில நான் யாரைப் போயிக் கூப்பிடுவேன்?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்க வச்சு ஆனா நல்லதுதான்னு நெனச்சேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்து போறதுக்கு அது மேலு."

காசிக்குப் போகிறவர்கள் இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டு மனுஷன் அதற்கென்றே ஒரு வண்டியை வாங்கி, என்னையே கம்பளி மடிக்க வைப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்பப் போக வேண்டியதுதானே. என்னைய எதுக்குக் கூட இழுக்கீக?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"ஏட்டி, ஒத்தையில போகப் பயமா இருக்கு."

நாடு முழுக்கத் தனியாக லாரி ஓட்டிய ஆள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன்.

"தம்பி, எம்புட்டு நாளானாலும் வண்டி இங்கயே நிக்கட்டும்," என்றேன்.

"குழாயை மாத்தவாக்கா?"

மாற்றச் சொன்னேன். அதை மாற்றிய பிறகு போவோமா, மாட்டோமா என்று அப்போது எனக்கே தெரியாது. ராஜபாளையம் பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஊர் வந்து சேரும்வரை அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.