வாரத்துக்கு வைத்த முட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை, என் மகன் கைப்பேசியில் ஆர்டர் செய்த ‘அசல் தேசி’ நாட்டுக்கோழி முட்டைப் பெட்டி வந்தது. ஆறு முட்டை, நெல் உமிக்குள் புதைத்து அனுப்பியிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு சேவல் படம். வெள்ளை உடம்பு, மஞ்சள் கால், பல்பல்லாய் நிமிர்ந்த கொண்டை. “இது லெகார்ன், பண்ணைக் கோழி. தேசியாம் தேசி” என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகன் சிரித்தான். அவன் எந்த செக்‌ஷனில் படிக்கிறான் என்று கேட்டால் நான் தடுமாறுவேன். கோழியின் ஜாதி மட்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். யார் கற்றுக்கொடுத்தது என்றான். உங்க தாத்தா என்றேன். மீதியை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

தில்லியில் உமி வாசனைக்கு எங்கே போவது? நான் முதன்முதலில் அதை முகர்ந்தது செல்வி அத்தையின் தூக்குவாளியில். தொண்ணூறுகளின் நடுவில், கோல் மார்க்கெட் பக்கத்து சர்க்கார் குவார்ட்டர்ஸில் நாங்கள் தரைத்தளம், அவர் இரண்டாவது மாடி. சொந்தமெல்லாம் இல்லை. அப்பா தங்கச்சி என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அத்தை. கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட, அந்த வேலையை இவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் திண்டுக்கல் பக்கம் கணவரின் ஊருக்குப் போனவர், ரயிலில் இரண்டு ராத்திரியும் உமி நிரப்பிய தூக்குவாளியை மடியிலேயே வைத்துப் பத்து முட்டைகளைக் கொண்டுவந்தார்.

“அண்ணே, அவரு கையால வளத்த சண்டைக்கோழிங்க முட்டை. அங்க எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிட்டாங்க. இதுல அவரு வளத்த ஜாதில ஒரே ஒரு சேவல் நின்னாப் போதும் எனக்கு.”

எங்களிடம் அடைக்கு உட்கார்ந்த செவலைப் பெட்டை ஒன்று இருந்தது. வாரத்துக்கு வைப்போம் என்றார் அப்பா. ஊரில் உள்ள வழக்கம்தான். முட்டை ஒரு வீட்டுடையது, அடைகாக்கும் கோழி இன்னொரு வீட்டுடையது. தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டும் பருவத்தில் ஆளுக்குப் பாதி. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

ஆப்பிள் பெட்டியில் மணலைப் பரப்பி முட்டைகளை வைத்தோம். இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்கக் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் ஓர் இரும்பும் போட வேண்டுமாம். இரும்புக்கு அப்பா ஆபீஸ் குத்தூசியைக் கொண்டுவந்து போட்டார். சர்க்கார் குத்தூசியின் காவலில் எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன.

செவலையைப் போல ஒரு தாயை நான் பார்த்ததில்லை. ஒன்றுகூட அது இட்ட முட்டை இல்லை. நொய்யரிசியைப் போட்டால் தான் தின்னாது, கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் குஞ்சுகளைக் கூப்பிடும். தில்லி வானத்தில் பருந்துகளுக்குப் பஞ்சமா என்ன? நிழல் தெரிந்தாலே ஒரு குரல் கொடுக்கும், எட்டும் இறக்கைக்குள் போய்விடும். ஒன்றையும் அது பறிகொடுக்கவில்லை.

சாயங்காலம் அப்பா லுங்கிக்கு மாறியதும் எனக்குப் பாடம் தொடங்கும். கொண்டை நெட்டுக்கு நின்றால் பண்ணைக் கலப்பு, பட்டாணியை நசுக்கி ஒட்டியது போலப் படுத்திருந்தால் ஜாதி. சீக்கிரம் இறகு மூடினால் கலப்பு. சண்டைக்கோழிக் குஞ்சுக்கு இறகு மெதுவாகத்தான் வரும். இரண்டு மாதமானாலும் தோளும் மார்பும் மொட்டையாக, நெட்டைக் காலோடு, பார்க்கவே பாவமாக இருக்கும். அத்தையின் முட்டைகளில் எந்தப் பண்ணைச் சேவல் புகுந்து விளையாடியதோ, எட்டில் ஏழு கலப்பு. ஒன்றுதான் மொட்டை. அப்பா அதைக் கையைவிட்டு இறக்கவே மாட்டார்.

ஏப்ரலில் செவலை குஞ்சுகளைக் கொத்தத் தொடங்கியது. பங்கு பிரிக்கும் நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“அத்தை மொட்டையத் தொட்டா, அதுக்குச் சீக்குன்னு சொல்லு பாப்பா.”

தான் சொல்லமாட்டார். அவருடைய நேர்மை அப்படி. அத்தை வந்ததும், “நீயே மொதல்ல எடுத்துக்க தங்கச்சி” என்று பெரிய மனிதராக ஒதுங்கி நின்றார். அத்தை நேராக மொட்டைக் குஞ்சைத்தான் எடுத்தார். அதன் தலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“அத்தை, அது பீமார். மர் ஜாயேகா” என்றேன். தில்லியில் பிறந்த வாய், பொய்யும் இந்தியில்தான் வந்தது. செத்துவிடும் என்று நான் சொன்னதும் அத்தை குஞ்சைக் கீழே விட்டார். இறகு மூடிய அழகான நாலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

தீபாவளிக்குள் மொட்டை ஆளே மாறிவிட்டது. கறுப்பும் சிவப்புமாய் மினுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடக்கும். அந்தச் சமயத்தில் அப்பாவின் பெயர் குவாஹாட்டி மாற்றல் பட்டியலில் வந்தது. பெரிய அதிகாரிக்கு அசல் தேசி முர்கா, அதாவது நாட்டுச் சேவல் என்றால் உயிராம். அப்பா இரண்டு நாள் யோசித்தார், மூன்றாம் நாள் சேவலைப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாற்றல் நின்றது. அதிகாரி வீட்டிலிருந்து கொஞ்சம் குழம்பு வந்தது. நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அத்தை தன் பெட்டைகளில் ஒன்றை அணைத்துக்கொண்டு கீழே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சீக்குன்னு சொன்னது எப்படி வளந்துருச்சு பாத்தீங்களா அண்ணே. மாடிலேருந்து தெனம் பாப்பேன். ஒரு வாரமா கண்ணுலயே படலியே. எம் பெட்டைய நாலு நாள் அதோட விடுங்க.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மாதான் சொன்னாள். “இல்ல செல்வி. அத ஆபீசர் வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. அடிச்சுட்டாங்க.”

 அத்தை அப்பாவிடம் பேசவில்லை, என்னிடம் பேசினார்.

“அதுதான் அவரு ஜாதின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா. அவரு குஞ்செல்லாம் அப்படித்தான் மொட்டையா இருக்கும். நீ செத்துரும்னு சொன்னியா, இன்னொண்ணு என் கையில சாக வேணாம்னுதான் கீழ விட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

மறு வருஷம் அவர் தெற்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது அந்த நாலு கோழிகளையும் எங்கள் வாசலிலேயே விட்டுப்போனார். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை, விலாசமும் கொடுக்கவில்லை. அப்பா இறந்துவிட்டார். நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள்.

இந்த முட்டையை அடைவைத்தால் குஞ்சு வருமா என்று கேட்டான் மகன். வராது, சேவல் சேராத முட்டை என்றேன். எங்கள் செவலை அதற்குப் பிறகும் இரண்டு தடவை அடைக்கு உட்கார்ந்தது. அப்பாவை நம்பி வாரத்துக்கென்று யாரும் முட்டை கொண்டுவரவில்லை.