அந்தோணியாருக்கு நேர்ந்த சேவல்

லீமாரோஸ் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனுக்குக் கொஞ்சம் பேரம் பேசினால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெட்டியைத் தலையில் ஏற்றிப் புறப்பட்டுவிடுவாள். பத்தடி போய்விட்டுத் தானாகவே திரும்பி வருவாள். "உங்களுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன், இந்தாங்க" என்று இரண்டு மீனைக் கூடவே போடுவாள். மாரியூர்க் கடற்கரையிலிருந்து சாயல்குடிப் பக்கத்து எங்கள் ஊர் வரைக்கும் நடந்தே வருகிறவள். மீனைக் கொடுத்துக் கம்பும் மிளகாய் வற்றலும் வாங்கிக்கொண்டு போவாள். நான் சொல்வது ஐம்பத்தெட்டாம் வருடம். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பது. வயதுக்கு ஏற்ற புத்தி எனக்கு இல்லாமல் போனதைச் சொல்லத்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தங்கசாமிக்கு மானாவாரி மிளகாய்த் தோட்டம். மழை பெய்தால் விவசாயி. பெய்யாவிட்டால் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டு வானத்தைத் திட்டுகிறவர். மழையை நம்பாத ஒரு பிழைப்பு எனக்கு வேண்டியிருந்தது, அதனால் கோழி வளர்த்தேன். அப்போதும் வானம் என்னை விடவில்லை. பருந்து வந்தது.

பருந்தோடு மல்லுக்கட்டியே என் பாதி நாள் போகும். குஞ்சுகளுக்கு மஞ்சள் பூசினேன். செத்த காக்கையைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன். பழைய சேலையைக் கிழித்துக் கொடி மாதிரிக் கட்டினேன். எதற்கும் அது அசரவில்லை. பனை உச்சியில் உட்கார்ந்து கொல்லைப்புறத்தை நோட்டம் பார்க்கும். நான் உலையை இறக்க உள்ளே போகிற நேரமாகப் பார்த்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நான் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு நிற்பேன்.

லீமாரோஸ் வீட்டிலும் கோழி உண்டு. ஆனால் மீன் வாடைக்கு ஊர்ப் பூனையெல்லாம் அவள் குடிசையைச் சுற்றியே கிடக்கும், குஞ்சு பொரித்தால் தங்காது. ஒருநாள் பத்து முட்டையை உமியில் பொதிந்து கொண்டுவந்தாள். "ஒங்க கோழிகிட்ட அடைக்கு வைங்கக்கா. பொரிக்கிறதுல பாதி ஒங்களுக்கு" என்றாள். எட்டு பொரித்தது. அவள் பங்கு நான்குக்கும் இடது காலின் பின்விரல் நுனியை நகத்தோடு நறுக்கி அடையாளம் வைத்தேன். அவள் கேட்டு வைத்ததில்லை. நானாக, பெரிய நியாயவாதி மாதிரி, வைத்தேன். அவளோ ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்ததும் தன்னுடைய மூன்று பெட்டைகளைக் கொண்டுபோனாள். மிச்சம் இருந்தது ஒரு செவலைச் சேவல். அதை மட்டும் கொஞ்ச நாள் விட்டு வைக்கச் சொன்னேன். காரணம் இருந்தது. அப்படி ஒரு காவல்காரனை நான் கண்டதே இல்லை. மற்றக் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும், இது ஒரு கண்ணை மேலே வைத்தே மேயும். பருந்தின் நிழல் பனைக்கு அந்தப் பக்கம் வரும்போதே தொண்டைக்குள்ளிருந்து 'கிர்ர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம் கொடுக்கும். அவ்வளவுதான், அத்தனை குஞ்சும் உடைமுள் குவியலுக்குள் புகுந்துவிடும். அது தலையெடுத்த பிறகு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. நான் முதல்முறையாக நிம்மதியாகச் சமைத்தேன்.

மார்கழிக்கு முன்னால் ஒருநாள் லீமாரோஸ் மீன்பெட்டி இல்லாமல் வந்தாள். கடலுக்குப் போன அவள் புருசன் பெஞ்சமின் மூன்று நாளாகத் திரும்பவில்லை. காற்று மாறி வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்களாம். "அக்கா, அந்தச் செவலைய அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன். அவுக உசுரோட வந்துட்டா கொண்டுபோயி விடணும். பத்திரமாப் பாத்துக்கங்க" என்றாள். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

பெஞ்சமின் வந்துவிட்டான். கீழக்கரைப் பக்கம் கரை ஒதுங்கியிருக்கிறான். அடுத்த வாரம் லீமாரோஸ் வாயெல்லாம் பல்லாக என் வாசலில் நின்றாள்.

"வந்துட்டாகக்கா! சேவலத் தாங்க."

என் கோழி அப்போதுதான் பதினொரு குஞ்சு பொரித்திருந்தது. சேவல் கொல்லையில் இருந்தது. எனக்கு அந்தப் பதினொன்றுதான் கண்ணில் நின்றது. எங்கள் முனியய்யாவுக்கு நேர்ந்துவிட்ட உயிர் என்றால் கனவிலும் தொடமாட்டேன், கை கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம். அந்தோணியார் என் சாமி இல்லையே, அவர் என்னை எங்கே தேடப் போகிறார் என்று மனது சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அப்படித்தான் நினைத்தேன்.

"அத ஏன் கேக்குற லீமா. முந்தாநாளு பருந்து தூக்கிட்டுப் போயிருச்சு" என்றேன்.

"அம்புட்டுப் பெரிசையா?"

"சாதாப் பருந்து இல்ல. ராசாளி."

வளர்ந்த சேவலை அப்படித் தூக்குகிற பருந்து இந்தச் சீமையில் கிடையாது. அது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சாமிக்குன்னு சொன்னதுதான. அவரே ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டாரு போல" என்று சிரித்தாள். போகும்போது, "நீங்க வெசனப்படாதீகக்கா" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மறுபடி வந்தாள். மீன்பெட்டிக்கு மேல் பெரிய மூட்டை. தூரத்தில் அவளைக் கண்டதும் நான் ஓடிப்போய்ச் சேவலைப் பிடித்து, கோழி மூடுகிற பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். அவள் மூட்டையை அவிழ்த்தாள். பெஞ்சமினின் பழைய வலை. கிழிந்த இடமெல்லாம் புதிதாக முடிச்சுப் போட்டுத் தைத்திருந்தது.

"ரெண்டு நாளு ரெண்டு பேரும் ஒக்காந்து தச்சோம். கொல்லைக்கு மேல கட்டிருவோம். இனிமே எந்த ராசாளி வருதுன்னு பாப்போம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவருக்கும் வேப்பமரத்துக்கும் இடையே வலையை இழுத்து இருவரும் கட்டத் தொடங்கினோம். அவள் மேலே ஏறிக் கட்டினாள், நான் கீழே பிடித்துக் கொடுத்தேன். முக்கால்வாசி முடிந்திருக்கும். பனைக்கு அந்தப் பக்கமிருந்து நிழல் ஒன்று தரையில் ஓடி வந்தது. குஞ்சுகள் வெட்டவெளியில் நின்றன.

சாக்கு மூடிய பஞ்சாரத்துக்குள்ளிருந்து 'கிர்ர்ர்' என்று நீளமாகச் சத்தம் வந்தது. ஏதோ சந்து வழியாக அது வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. குஞ்சுகள் முள்ளுக்குள் ஓடிப் புகுந்தன. பருந்து வட்டமடித்துவிட்டுப் போய்விட்டது.

லீமாரோஸ் இறங்கி வந்தாள். சாக்கை விலக்கினாள், கூடையைத் தூக்கினாள். இத்தனை நாளில் முதல்தடவையாகக் குனிந்து அதன் இடது காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். பேரம் பேசினாலே கோபித்துக்கொள்கிற அவள் கூடையை ஓரமாக வைத்தாள். திரும்ப மேலே ஏறி, மிச்சமிருந்த முடிச்சுகளைப் போட்டு முடித்தாள். பெட்டியைத் தூக்கும்போது, "குஞ்சுக்காக வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வேற எதையாச்சும் நேந்திருப்பேனேக்கா" என்றாள். சேவலைக் கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் பூசை நாள். சேவலின் காலைக் கட்டி இடுக்கிக்கொண்டு மாரியூருக்கு நடந்தேன். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். கோயில் வாசலில் பெஞ்சமின் நின்றான். வெயிலில் உரிந்த உதடு இன்னும் ஆறவில்லை. அவனுடைய அம்மா ஜோதிமேரிக்கு லீமாரோஸ் பருந்துக் கதையைச் சொல்லியிருக்கிறாள், என் கையில் செவலையைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"இதான் பருந்து தூக்கிட்டுப் போன சேவலா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் லீமாரோஸ் முந்திக்கொண்டாள். "ஆமாத்தே. கனம் தாங்காம ஓடைப் பக்கம் போட்டுருச்சாம். அக்காதான் தேடிப் புடிச்சு, மஞ்சப்பத்துப் போட்டுக் காப்பாத்திக் கொண்டாந்திருக்காக." கண்ணை இமைக்காமல் சொன்னாள். ஜோதிமேரி என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சேவலைக் கோயிலில் விட்டார்கள். சாப்பிடாமல் போகக்கூடாது என்று என்னை உட்கார வைத்தார்கள். "அம்மா, அந்தச் சேவலு..." என்று நான் ஜோதிமேரியிடம் ஆரம்பித்தேன். லீமாரோஸ் என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்து, "முள்ளு கெடக்கும், பாத்துச் சாப்பிடுங்க" என்றாள்.

பனங்காடு வரை வழியனுப்ப வந்தாள். "ஏன் லீமா அப்படிச் சொன்ன? நான் சொல்லத்தான வந்தேன்" என்றேன்.

"சொன்னா ஒங்களுக்கு மனசு லேசாகும். எங்க அத்தைக்கு?" என்றாள். "எங்க வீட்டுக்காரவுக வராத அன்னைக்கு அத்தை தலையத் தலைய முட்டிக்கிட்டு அழுதுச்சு. 'நேந்த சேவலு அக்கா கையில இருக்கு, பத்திரமா இருக்கும், அந்தோணியாரு கைவிட மாட்டாரு'ன்னு சொல்லிச் சொல்லித்தான் கஞ்சி குடிக்க வச்சேன். இப்பப் போயி அந்த அக்காதான் ஒளிச்சு வச்சாகன்னு எப்படிச் சொல்றது?"

அவள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் மீன் கொண்டுவந்தாள், பேரத்துக்குச் சண்டை போட்டாள். அடைக்கு முட்டை மட்டும் கொண்டுவரவில்லை. ஜோதிமேரி உயிரோடு இருந்த வரைக்கும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கென்று ஒரு பெட்டிப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். லீமாரோஸ்தான் சுமந்து வருவாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன்.